சோம்பேறிக் கேமரா

சின்னவன் எழுந்து நிற்கப் பார்த்தான். பாதி எழுந்ததும் யாரோ காலைப் பிடித்து இழுத்ததுபோல் சரிந்தான்.

ஐவோ சிப்பிகளைத் தரம் பிரிக்கும் மேசையிலிருந்து கையை எடுத்தான். கைபேசி எதிரே ஒரு காலிக் கூடையில் சாய்ந்து நின்றது. ஈரக் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினான். சின்னவன் மறுபடி எழுந்தான். மறுபடி சரிந்தான். இந்தத் தடவை வெயில் சரியான கோணத்தில் விழுந்தது. அவனுடைய இடது இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு கோடு மின்னியது, தூண்டிலில் கட்டும் நைலான் நரம்பு. அது கூட்டின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த குச்சிவரை போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. இறக்கையோரம் இளஞ்சிவப்பாக ஏதோ ஆடியது.

கணவாய் பிடிக்கும் தூண்டில். இறால் மாதிரி பொம்மை, அடியில் கிரீடம்போல முள்.

ஐவோ அரட்டைப் பெட்டியில் எழுதினான்: ‘சின்னவன். நரம்பு. முள்.’

அவ்வளவுதான். மினசோட்டாவிலிருந்தும் ஒசாகாவிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் கேள்விகள் மளமளவென்று விழுந்தன. அவன் எதற்கும் பதில் எழுதவில்லை.

தமிழில் அந்தப் பறவைக்கு விராலடிப்பான் என்று பெயர். டிரெம்லட் குடாவில் விரால் கிடையாது. அங்கே அது அடிப்பது மடவை, பாரை, முரல் மீன்களை. தெற்கு ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் அந்த இனம் கைவிட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோனபோது, ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு பழைய சரக்கு மிதவையைக் குடாவின் நடுவில் நங்கூரமிட்டு நிறுத்தினார்கள். அதன்மேல் இரும்புக் கால்களில் ஒரு மேடை. மேடைமேல் கூடு. கூட்டுக்கு மேலே வளைந்த கம்பத்தில் மைக்கோடு ஒரு கேமரா. மூன்று பருவமாக உலகத்தில் யார் வேண்டுமானாலும் எந்நேரமும் அந்தக் கூட்டைப் பார்க்கலாம். பார்ப்பவர்கள் பெரிய பறவைகளை அம்மா, அப்பா என்றே அழைத்தார்கள். ஐவோ மட்டும் ‘பெண்’, ‘ஆண்’ என்று எழுதுவான். ‘ஆண். மடவை.’ ‘பெண். குச்சி.’ அரட்டைக்காரர்கள் அவனுக்கு முற்றுப்புள்ளி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவன் அடிலெய்டில் கடல் உயிரியல் படித்தவன். முப்பத்தொரு வயது. மார்ச் மாதத்திலிருந்து அவன் பேச்சு அந்த அளவுக்குத்தான் இருந்தது. மார்ச்சில் ஒரு நாள் அவன் சிப்பிக் கம்பங்களுக்கு இடையே இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தான். கைபேசி கரையில் வண்டிக்குள் கிடந்தது. மதியம் வந்து எடுத்தபோது மனைவி ஹெட்டியிடமிருந்து ஒரு செய்தி: ‘தலை வலிக்குது. வரும்போது பேஸ்டி வாங்கிட்டு வா.’ அவன் கறி அடைத்துச் சுட்ட பேஸ்டி இரண்டு வாங்கினான். ‘ரெண்டு வாங்கியாச்சு. உனக்குப் பாதி தருவேன்’ என்று பதில் போட்டான். வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டு ஓட்டினான். அவன் வாங்கும்போதே, பதில் போடும்போதே, விசிலடிக்கும்போதே அவள் சமையலறைத் தரையில் இறந்து கிடந்தாள். மூளையில் ஒரு நாளம் வெடித்திருந்தது. யார் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று மருத்துவர் சொன்னார். அதை அவன் நம்பினான். அந்த விசிலைத்தான் அவனால் எங்கேயும் கொண்டுபோய் வைக்க முடியவில்லை.

அதன்பின் யாரோ அவனைக் கேமராக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். காலையில் கண் விழித்ததும் கை கைபேசியைத் தேடும். கூட்டில் சின்னவன், அவன் அக்கா பெரியவள் என்று இரண்டு தலை தெரிந்தால் எழுந்து பல் துலக்குவான். எழுந்திருக்க அவனிடம் இருந்த காரணம் அது ஒன்றுதான். மூன்றாவது குஞ்சு பொரித்த வாரமே செத்துப்போனது. அப்போது அவன் சில நாள் வேலைக்கு வரவில்லை. முதலாளி ஒன்றும் கேட்கவில்லை.

கைபேசி அடித்தது. கிளெனிஸ். கேமராவைத் திருப்பும் பொறுப்பு அந்த அம்மாவுடையது. கால் உடைந்து மாவுக்கட்டோடு வீட்டில் இருந்ததால் அடுப்பங்கரை மேசையிலிருந்தே திருப்பிக்கொண்டிருந்தார்.

“பார்த்தியா கண்ணு?”

“பார்த்தேன்.”

“கிட்டக் கொண்டு போறேன், இரு. பட்டனை அமுக்கிட்டேன். இந்தச் சோம்பேறி எப்ப அசையும்னு தெரியாது.”

குழுவில் அது பழைய கேலி. கேமரா சோம்பேறி. திருப்பச் சொன்னால் ஒரு வாய் டீ குடித்துக் கோப்பையைக் கீழே வைத்தபிறகுதான் திரும்பும். கிளெனிஸின் கணினி பழசு என்று ஒருவர் சொல்வார். மோட்டாரில் உப்பு ஏறிவிட்டது என்று இன்னொருவர். சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

படம் மெல்லக் கிட்டே போனது. நரம்பு இறக்கையைச் சுற்றி, காலையும் ஒரு சுற்று சுற்றியிருந்தது. அப்பா கொண்டுவந்த மீனோடு அந்தத் தூண்டிலும் வந்திருக்க வேண்டும். சின்னவன் ஒவ்வொரு தடவை உதறும்போதும் சுருக்கு இறுகியது. உதறி உதறி அவன் விளிம்புக்கே வந்துவிட்டிருந்தான்.

“வடகாத்து இன்னும் ஏறப்போகுதாம்” என்றார் கிளெனிஸ். “ஒரு தூக்குத் தூக்கினா வெளிய தொங்குவான் ஐவோ. அத்தனை பேரும் பார்த்துக்கிட்டிருப்பாங்க.”

ஐவோ இங்கிரிட்டை அழைத்தான். பறவைகளுக்கு வளையம் மாட்டும் அனுமதி இங்கிரிட்டிடம் இருந்தது. அவர் சொல்லாமல் யாரும் அந்த மிதவையில் கால் வைக்கக் கூடாது. அவர் அடிலெய்டில் இருந்தார்.

“நாளைக்குத்தான் வர முடியும்” என்றார் இங்கிரிட். “அதுவரைக்கும் தாங்குவானா?”

“மாட்டான்.”

எதிர்முனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“அனுமதிச் சீட்டுல நெவில் பேரும் உங்க பேரும் இருக்கு. போங்க. ஆனா நான் சொல்றதைக் கேளுங்க. எனக்குப் பயம் சின்னவனைப் பத்தி இல்ல, பெரியவளைப் பத்தி. அவளுக்கு இறக்கை வந்தாச்சு, பறக்கத்தான் தெரியாது. மனுஷ முகத்தைப் பார்த்து மிரண்டு குதிச்சா இந்தக் காத்துல நேரா தண்ணிக்குத்தான் போவா. நனைஞ்சா எழும்ப மாட்டா. அவ தட்டையா படுத்திருந்தா மட்டும் ஏறுங்க. எழுந்து விளிம்புக்கு வந்தா இறங்கிடுங்க. ஒண்ணைக் காப்பாத்தப் போய் ரெண்டையும் தொலைச்சிடாதீங்க.”

“சரி.”

“உங்க ‘சரி’யை நம்ப முடியாது. எதுக்குச் சரி?”

“விளிம்புக்கு வந்தா இறங்கிடுவோம்.”

“சின்னவன் எப்படிக் கிடந்தாலும்.”

“சின்னவன் எப்படிக் கிடந்தாலும்” என்றான் ஐவோ.

நெவில் பாஸ்கோ படகைத் தண்ணீரில் இறக்கி வைத்திருந்தார். கிழங்கான் மீன் பிடித்து ஓய்ந்தவர். முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டதால் ஏணி ஏற முடியாது. கிளெனிஸின் முன்னாள் கணவர். பிரிந்து இருபது வருஷமாகிறது. இருவரும் பறவையைப் பற்றி மட்டும், அதுவும் மூன்றாவது ஆள் வழியாக மட்டும் பேசிக்கொள்வார்கள்.

வடகாற்று அடித்தது. உள்நாட்டுக் கோதுமை வயல்களின் செம்புழுதி வானத்தில் ஏறியிருந்தது. அலை குட்டை குட்டையாக, அடிக்கு அடி முட்டியது. ஐவோ ஒரு காதில் மட்டும் காதொலிப்பானை மாட்டிக்கொண்டான். இடது காதில் கிளெனிஸ். வலது காது காற்றுக்கு.

“ஏணியில நிக்கிறவனுக்கு மேல கூட்டுக்குள்ள ஒண்ணும் தெரியாது” என்றார் கிளெனிஸ் காதுக்குள். “கண்ணு நான்தான். நான் ஏறுன்னா ஏறு. நில்லுன்னா நில்லு.”

“சரி.”

“என்ன சொல்றா?” என்றார் நெவில்.

“அவங்கதான் கண்ணாம்.”

“கண்ணாடி போட்டிருக்காளான்னு கேளு.”

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கிளெனிஸுக்குக் கேட்டிருந்தது. “அந்த ஆள்கிட்டச் சொல்லு. கண்ணாடி போடாமத்தான் அவரைக் கட்டிக்கிட்டேன். இப்பப் போட்டிருக்கேன்.”

ஐவோ சொல்லவில்லை. நெவில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “புரிஞ்சுது” என்றார்.

மிதவை நெருங்கியது. பெண்பறவை கூட்டிலிருந்து எழுந்து, அவர்கள் தலைக்கு மேலே சுற்றத் தொடங்கியது. கூர்மையாக, விட்டு விட்டு ஒரு கீச்சல். ஆபத்து என்று குஞ்சுகளுக்குச் சொல்லும் குரல்.

“படுத்துட்டாங்க” என்றார் கிளெனிஸ், கொஞ்சம் கழித்து. “ரெண்டு பேரும். தரையோட தரையா, விரிச்சுப்போட்ட துணி மாதிரி.”

நெவில் எஞ்சினை அடக்கிப் படகை மெதுவாக ஒட்டினார். பறவையைக் கலவரப்படுத்தக் கூடாது என்பது குழுவில் முதல் விதி. பேச்சைக் குறைத்து, அசைவைக் குறைத்துப் போக வேண்டும். ஐவோ மிதவையில் தாவி ஏணியின் அடியில் உட்கார்ந்துவிட்டான். இடுப்புப் பையில் கத்தரிக்கோல், குறடு, ஒரு பழைய துண்டு. நெவில் படகைச் சற்றுத் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினார். பெண்பறவையின் கீச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, நின்றது.

“இன்னும் படுத்திருக்கா” என்றார் கிளெனிஸ். “நல்ல நேரம். ஏறு கண்ணு.”

ஏறினான். இரும்பு சுட்டது. காற்று சட்டையை முதுகோடு ஒட்டிப் பிய்த்தது. தலைக்கு மேலே கூட்டின் அடிப்பக்கம், ஒரு வண்டிப் பாரம் குச்சியாக, வானத்தை மறைத்தது.

பாதி ஏணியில் அவன் தலையில் குச்சித் தூள் கொட்டியது.

நின்றான். மேலே பொத், பொத் என்று ஒரு சத்தம். கனமான இறக்கைகள் காற்றை அடிக்கும் சத்தம். சின்னவனால் அப்படி அடிக்க முடியாது. அவன் இறக்கை கட்டுண்டு கிடக்கிறது.

“பெரியவ என்ன பண்றா?” என்றான் ஐவோ, வாய்க்குள்.

“படுத்திருக்கா.”

“நல்லாப் பாருங்க.”

“என் மூக்குக்கு முன்னால இருக்கா ஐவோ. தலையைக்கூடத் தூக்கல. ஏன் நிக்கிற? ஏறு.”

மேலே மறுபடி பொத்தென்று அடித்தது. ஒரு முழுக் குச்சி சரிந்து அவன் தோளில் பட்டுக் கடலில் விழுந்தது. பெரியவள் எழுந்து நிற்கிறாள். விளிம்பில் நின்று காற்றைப் பிடித்துப் பார்க்கிறாள். அவன் அதைச் செவியால் பார்த்தான். ஆனால் கிளெனிஸ் பொய் சொல்கிறவர் இல்லை.

பைக்குள் கைவிட்டுத் துண்டைத் தேடினான். குறடு நழுவியது. ஏணிப்படியில் பட்டு, மிதவையின் தகரத்தில் விழுந்து, கோயில் மணி மாதிரி அதிர்ந்தது.

பெண்பறவை உடனே கீச்சிட்டது. மேலே இறக்கைச் சத்தம் சட்டென்று நின்றது.

ஐவோ ஏணியை அணைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான்.

“ஐயோ, எழுந்துட்டா” என்றார் கிளெனிஸ் திடீரென்று. “ஐவோ, எழுந்துட்டா. விளிம்புல நிக்கிறா. இறக்கையை அடிக்கிறா. இறங்கு, இறங்கு.”

மேலே அமைதி. ஒரு தூசிகூட விழவில்லை.

அப்புறம் இடது காதுக்குள், கிளெனிஸின் அடுப்பங்கரையில் எங்கோ, ஒரு குறடு தகரத்தில் விழுந்தது.

அவன் கீழே பார்த்தான். குறடு விழுந்த இடத்திலேயே கிடந்தது. இடது காதில் பெண்பறவை கீச்சிட்டது. வலது காதில் அது ஏற்கெனவே கீச்சிட்டு, இன்னும் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

“படுத்துட்டா” என்றார் கிளெனிஸ். “அப்பாடா. என்னமோ சத்தம் கேட்டுப் படுத்துட்டா.”

மூன்று பருவமாகச் சிரித்த சோம்பேறிக் கேமரா. அது சோம்பேறி இல்லை. திருப்பியதும் திரும்பித்தான் இருந்தது. அந்தப் படம் இவர்கள் வீட்டுக்கு வந்து சேரத்தான் அரை நிமிஷம் ஆனது. மிதவையிலிருந்து கம்பிகளின் வழியாக எங்கெங்கோ போய்ச் சுற்றிவிட்டு வரும் அரை நிமிஷம். நேரலை என்று மேலே சிவப்பில் எழுதியிருந்தது. எல்லோரும் அதை நம்பியிருந்தார்கள். கடல் உயிரியல் படித்த அவனும்.

“கிளெனிஸ். நீங்க பார்க்கிறது பழசு.”

“என்ன?”

“அரை நிமிஷம் பழசு. குறடு விழுந்த சத்தம் உங்களுக்கு இப்பத்தானே கேட்டுச்சு? எனக்கு எப்பவோ கேட்டாச்சு.”

எதிர்முனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

“அப்ப நான் சொன்னதெல்லாம்...”

“ஆமா.”

“கடவுளே. உன்னை ஏறச் சொன்னேனே. அப்ப என்ன பண்றது? இறங்கிடு. இங்கிரிட் என்ன சொன்னாங்க? தெரியாம ஏறக் கூடாது.”

அது சரிதான். விளிம்புக்கு வந்தால் இறங்கிவிடுவதாகச் சொல்லியிருந்தான். அவள் வந்தாள். ஒரு தடவை வந்தாயிற்று. ஐவோ ஒரு படி இறங்கினான். அப்போது காற்று ஒரு வீச்சு வீசியது. மேலே ஏதோ சறுக்கியது. விளிம்பைத் தாண்டி ஒரு சின்ன இறக்கையின் நுனி வெளியே வந்தது. கறுப்பும் வெள்ளையுமாக. அதில் இளஞ்சிவப்புத் தூண்டில். இறக்கை ஒரு தடவை உதறிவிட்டு, அப்படியே தொங்கியது.

அவன் அந்த இறக்கையைப் பார்த்தான். தலைக்கு மேலே பெண்பறவை கீச்சிட்டது. முன்பு அது கீச்சிட்டுக்கொண்டிருந்தவரை மேலே அசைவில்லை. அது தணிந்தபோதுதான் பெரியவள் எழுந்தாள். குறடு விழுந்து அது மறுபடி கத்தியதும் படுத்தாள். இவ்வளவு நேரம் எல்லோருமாகச் சேர்ந்து அதன் வாயை அடக்கத்தான் பாடுபட்டிருந்தார்கள்.

“நெவில்” என்று கத்தினான்.

நெவில் திடுக்கிட்டு நிமிர்ந்தார். இத்தனை மாதத்தில் அவன் கத்திக் கேட்டதில்லை.

“படகைச் சுத்துங்க. கத்துங்க. அவளைப் பதற வைங்க.”

“யாரை?”

“அம்மாவை. அம்மா கத்தறவரைக்கும் பெரியவ எழ மாட்டா.”

“என்னன்னு கத்தறது?”

“எதையாவது.”

நெவில் எஞ்சினை முறுக்கினார். மிதவையைச் சுற்றி வட்டமடித்துக்கொண்டு தொப்பியைக் கழற்றி ஆட்டினார். முதலில் வெறுமனே ஊளையிட்டார். அது போதவில்லை என்று பட்டிருக்க வேண்டும். இருபது வருஷமாக உள்ளே கிடந்ததை எடுத்தார். “என் வலையை வெயில்ல போட்டு நாசம் பண்ணினவளே. என் அம்மா செஞ்ச கேக்கை நாய்க்குப் போட்டவளே. உன் தங்கச்சி கல்யாணத்துல என்னைப் பார்த்து என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?” நடுநடுவே மீன்பிடிப் படகில் மட்டும் புழங்கும் சொற்களும் வந்தன.

பெண்பறவை பாய்ந்து பாய்ந்து கீச்சிட்டது. இடைவெளியே இல்லை.

“அந்த ஆள் என்னைத்தானே சொல்றார்?” என்றார் கிளெனிஸ் காதுக்குள்.

“ஆமா.”

“கேமராவுல மைக் இருக்கு ஐவோ. இது உலகம் பூராக் கேக்கும்.”

“கேக்கட்டும்.”

கடைசிப் படி. தலையை விளிம்புக்கு மேலே எடுத்தான்.

பெரியவள் ஒரு கை தூரத்தில் படுத்திருந்தாள். கழுத்து நீட்டி, தாடை குச்சியோடு ஒட்டி, செத்தது மாதிரி. கண் மட்டும் திறந்திருந்தது. ஆரஞ்சு நிறக் கண். அது அவனைப் பார்த்தது. அவன் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றான்.

சின்னவனின் தலைமேல் துண்டைப் போட்டான். நரம்பை விளிம்புக் குச்சியில் வெட்டினான். குஞ்சு அவன் கையில் சரிந்தது. எடையே இல்லை. காலைச் சுற்றியிருந்ததை வெட்டினான். கால் வீங்கியிருந்தது, ஆனால் விரல் மடங்கியது. இறக்கைக்கடியில் இரண்டு முள் தோலுக்குள் போயிருந்தன. குறடு கீழே கிடந்தது. கத்தரிக்கோலின் அடிப்பகுதியில் முள்ளைக் கவ்வி, கொக்கியை முன்னால் தள்ளி, வெளியே வந்த முனையை நறுக்கினான். ஒன்று. சின்னவன் துண்டுக்கடியில் ஒரு சத்தமும் போடவில்லை. இரண்டாவது ஆழமாக இருந்தது. முழங்கையை விளிம்பில் ஊன்றித் தள்ளினான்.

வந்தது.

தூண்டிலைச் சட்டைப்பையில் திணித்தான். சின்னவனைக் கூட்டின் நடுப்பள்ளத்தில் வைத்துத் துண்டை உருவினான். இனி இறங்க வேண்டியதுதான்.

“நெவில் தொண்டை கட்டிப்போயிடும்போல இருக்கு” என்றார் கிளெனிஸ். “எனக்கு இப்பத்தான் நீ கால் நரம்பை வெட்டறது தெரியுது. பெரியவ படுத்திருக்கா.”

அப்போது பெண்பறவையின் குரல் மாறியது.

கீச்சல் நின்று, வேறொரு குரல். கெஞ்சுகிற மாதிரி, நீளமாக. ஐவோ அதைக் கேமராவில் நூறு தடவை கேட்டிருந்தான். மீன் வரும்போது வரும் குரல். திரும்பிப் பார்த்தான். ஆண்பறவை காற்றை எதிர்த்துத் தாழ்வாக வந்துகொண்டிருந்தது. கால்களில் வாலாட்டும் ஒரு மடவை.

பெரியவள் தலையைத் தூக்கினாள். பசி. எழுந்து நின்றாள். அப்பாவைப் பார்க்க வேண்டியவள் ஐவோவின் முகத்தைப் பார்த்தாள்.

அவன் தலையைக் கீழே இழுப்பதற்குள் அவள் பின்வாங்கினாள். ஒரு எட்டு. இன்னொரு எட்டு. அதற்குப் பின்னால் கூடு இல்லை. இறக்கைகள் திறந்தன. காற்று அவளைத் தூக்கி எறிந்தது.

மீன் தொப்பென்று கூட்டில் விழுந்தது.

“வெட்டிட்ட, வெட்டிட்ட” என்றார் கிளெனிஸ். “முதல் முள்ளு போச்சு. பெரியவ படுத்திருக்கா. எனக்கு ரெண்டு பேரும் தெரியறாங்க. ரெண்டு பேரும் பத்திரமா இருக்காங்க கண்ணு. அங்க எப்படி?”

ஐவோ ஏணியில் திரும்பி அவளைத் தேடினான்.

பெரியவள் தெற்கே போய்க்கொண்டிருந்தாள். பறக்கவில்லை. காற்று அவளைக் கொண்டுபோனது. ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். இறக்கையைத் தப்பான நேரத்தில் அடித்தாள். இறங்கினாள். அலைக்கு மேலே ஒரு முழம். அரை முழம். நெவில் கத்துவதை நிறுத்திவிட்டுப் படகைத் திருப்பினார். ஆனால் படகு எங்கோ இருந்தது, அவள் எங்கோ இருந்தாள்.

“ஏன் பேச மாட்டேங்கிற?” என்றார் கிளெனிஸ். குரலில் சிரிப்பு இருந்தது. “பேச வேண்டாம் விடு. நான் பார்த்துக்கிட்டிருக்கேன். ரெண்டாவது முள்ளும் வந்துருச்சு. அழகா வச்ச பாரு. ஐயோ, என் தங்கமே, கூட்டுக்குள்ள ரெண்டு தலை. மினசோட்டாக்காரி அழறாளாம், எழுதியிருக்கா.”

அவர்களுக்கெல்லாம் இன்னும் இரண்டு தலை இருந்தது. அவனுக்கு ஒன்றுதான். அவர்கள் கையில் இருந்ததைப் பிடுங்க அவனுக்கு மனம் வரவில்லை. அந்த விசில் ஞாபகம் வந்தது. பேஸ்டியின் சூடு மடியில். ஜன்னல் திறந்த வண்டி. ஹெட்டி இல்லாமல் போயிருந்தாள். அவனுக்கு அவள் இருந்தாள்.

பெரியவளின் கால் அலை நுரையைத் தொட்டது. இறக்கையின் நுனியும் தொட்டது. ஒரு கணம் அவள் தண்ணீருக்குள் போய்விட்டாள் என்றே நினைத்தான்.

அடித்தாள். ஒன்று. மறுபடி. இந்தத் தடவை சரியான நேரத்தில். தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்தாள். அவளுக்கு நேர் எதிரே ஐவோவின் முதலாளியுடைய சிப்பிக் கம்பங்கள், வரிசை வரிசையாக, கடலில் நட்டு வைத்த வேலி மாதிரி. முதல் கம்பத்தைத் தாண்டிப் போய்விட்டாள். அடுத்ததில் மார்பால் மோதினாள். நகத்தால் பற்றி, சறுக்கி, இறக்கையை விரித்துத் தடுமாறி, அதற்கடுத்த கம்பத்தின் உச்சியில் போய் நின்றாள். ஆடினாள். நின்றாள்.

ஐவோ ஏணியில் நெற்றியை வைத்தான். இரும்பு சுட்டது. எடுக்கவில்லை.

கூட்டில் சின்னவன் நொண்டிக்கொண்டு மடவைக்கு அருகே வந்திருந்தான். இறக்கையை விரித்து அதன்மேல் கவிந்துகொண்டான். பிடுங்கித் தின்ன அக்கா இல்லாத முதல் மீன்.

இடது காதில் ஒரு அலறல்.

“ஐவோ, குதிச்சுட்டா. பெரியவ குதிச்சுட்டா. காணோம். ஐவோ.”

“இருக்கா.”

“நான் பார்த்தேன். என் கண்ணால பார்த்தேன். விளிம்புலேருந்து போயிட்டா. தண்ணிக்குத்தான் போயிருப்பா.”

“கிளெனிஸ். இருக்கா. எங்க கம்பத்துல உட்கார்ந்திருக்கா. நனைஞ்சிருக்கா, உதறிக்கிறா.”

கிளெனிஸ் அழுதுகொண்டிருந்தார்.

“எனக்குச் சமாதானம் சொல்றியா?”

“எனக்கு அது தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும். கேமராவைத் தெற்கே திருப்புங்க.”

“திருப்பிட்டேன்.”

கூட்டுக்கு மேலே கேமரா முனகிக்கொண்டு திரும்பியது. கொஞ்சமும் தாமதமில்லை. சொன்ன உடனே திரும்புகிற கேமரா. ஐவோ அதை இதுவரை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

நெவில் படகைக் கீழே கொண்டுவந்து சேர்த்தார். குரல் போயிருந்தது. “அவகிட்டச் சொல்லு” என்றார் கரகரத்து, “நாயைப் பத்திச் சொன்னது மட்டும் நிஜம். மத்தது பறவைக்காகச் சொன்னது.”

“நீங்களே சொல்லுங்க” என்றான் ஐவோ.

நெவில் கடலைப் பார்த்தார்.

“ஐவோ, சின்னவன்தான் தெரியறான்” என்றார் கிளெனிஸ். “மீன் திங்கறான். கம்பம் எதுவும் தெரியல. பெரியவளைக் காணோம்.”

பெரியவள் கம்பத்தின்மேல் ஒரு காலை மாற்றி வைத்தாள். கழுத்தைத் திருப்பிக் கூட்டைப் பார்த்தாள். காற்று அவள் முதுகுச் சிறகுகளைக் கலைத்தது.

“பொறுங்க” என்றான் ஐவோ. “உங்களுக்கு இன்னும் வந்து சேரல.”

“வருமா?”

“வரும்.”